கேட்டுக்கொண்டே இருந்த கம்ப்யூட்டர்

அன்புச்செல்வி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சவுரிராயனுக்கு விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை. அவனுடைய சட்டைகளை எத்தனை அலசு அலசினாலும் லாரிப் புகையின் வாசம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதனால் அவற்றை மட்டும் கடைசிக் கொடியில் தனியாக மாட்டுவாள். பிறகு தன் நீலப் புடவையைக் குறுக்கே விரித்துவிட்டு, வேலை முடிந்தும் கீழே இறங்காமல் அதன் பின்னால் சற்று நேரம் நிற்பாள். சித்திரை வெயில் ஈரத்துணி வழியே இறங்கி நீலமாக அவள் மேல் விழும். திண்டிவனமே ஏரிக்குள் மூழ்கிக் கிடப்பதுபோலத் தெரியும். ரயில் ஏதாவது போனால் அதுவும் தண்ணீருக்கடியில் போகிற மாதிரி இருக்கும். நாற்பது தாண்டிய பொம்பளை இப்படி நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான், கீழே இடம் இருந்தும், அவள் மாடிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

போன் அடித்தது. தம்பி அலெக்ஸ்.

"அக்கா, இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"துணி காயப்போட்டுக்கினு இருக்கேன். ஏன்டா?"

"துணி தானா காயும். விழுப்புரம் கடையில மறுபடியும் அதே பேஜாரு. டைம்டு அவுட்டுன்னு வந்துக்கினு நிக்கிதாம்."

"யாரு சொன்னா?"

"வேற யாரு? அம்மணியக்காதான். அது கை வச்சாலே உன் புரோகிராமுக்கு ஆவறதில்ல. நீ நம்ப மாட்டேன்ற."

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அலெக்ஸ் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். இறந்தவர்களை உறவினர் வந்து சேரும்வரை கிடத்தி வைக்கும் கண்ணாடி மூடிபோட்ட பெட்டி. கூடவே சாமியானா, பிளாஸ்டிக் சேர். திண்டிவனத்தில் ஒரு கடை, விழுப்புரத்தில் ஒரு கடை. விழுப்புரம் கடையில் உட்கார்ந்திருப்பவள் அம்மணி. ஐம்பதைத் தாண்டிய விதவை. முழங்கால் தேயும்வரை நடவு நட்டுவிட்டு, அப்புறம்தான் இந்த நாற்காலிக்கு வந்தாள். போன் வந்தால் எடுப்பாள். அழுகிறவர்களை அழவிட்டு, பிறகு ஊர் எது, தெரு எது, வீட்டு வாசலில் வண்டி திரும்புமா என்று கேட்பாள். பெட்டியை அனுப்புவாள், திரும்பி வந்ததும் டெட்டால் ஊற்றித் துடைப்பாள். எவ்வளவு பெரிய வீட்டுச் சாவாக இருந்தாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது.

கம்ப்யூட்டர் அன்புச்செல்வியின் யோசனை. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை இரண்டு கடைக்காரர்களும் போனில் சொல்லிச் சொல்லி மறந்தார்கள். "ஏதாவது ஆப் வாங்கிப் போட்டுடலாம்" என்றான் அலெக்ஸ். "ஆப்பெல்லாம் எதுக்குடா? நானே சி-யில எழுதித் தர்றேன்" என்றாள் அவள்.

அவள் பெருமுக்கல் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். படித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வருஷக்கணக்காக சி மொழி சொல்லிக்கொடுத்தாள். அந்த சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஆனால் ஊரில் பாதிப்பேர் இன்றும் அவளை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். காய்கறிக்காரர் கூட. சி-க்குப் பிறகு வந்த மொழிகளை அவள் எட்டி நின்று பார்த்ததோடு சரி. வீட்டில் பருப்பு வேகிற நேரத்தில், பழைய பாத்திரத்தைத் துலக்கி வைப்பதுபோல, அவ்வப்போது ஏதாவது சின்ன சி புரோகிராம் எழுதிப் பார்ப்பாள். 

ஐஸ் பெட்டிக்கான புரோகிராம்தான் அவள் எழுதியதிலேயே ஓர் ஆளுக்காவது உபயோகப்பட்டது. இரண்டு பாதி அதற்கு. திண்டிவனம் கடையில் ஒரு பாதி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விழுப்புரத்தில் இருக்கும் பாதி காலையில் வந்து அந்தக் கதவைத் தட்டும். கதவு திறந்ததும் அம்மணி ஒன்றை அமுக்கினால் பெட்டி வெளியே போயிற்று என்று பொருள். இரண்டை அமுக்கினால் திரும்பி வந்துவிட்டது. மூன்றை அமுக்கினால் இரண்டு கடையிலும் கையில் இருக்கும் பெட்டிகள் தெரியும். கடைசி வரி ஒன்பது, சாயங்காலம் வேலை முடிந்து மூடுவதற்கு. கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகளின் புள்ளிகள் சற்றே தள்ளித்தள்ளி விழும். ஆனாலும் படிக்க முடியும்.

முதல் வாரத்தில் வந்த கோளாறுகளில் அவளுக்கு வருத்தமே இல்லை. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால், வீடு இருக்கிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று பொருள். திண்டிவனத்தில் புரோகிராமை ஓடவிட அலெக்ஸ் மறந்திருப்பான். போய் ஓடவிட்டால் சரியாகிவிடும். மறுப்பாக இருந்தாலும் அது உடனே கிடைக்கிற பதில். முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்லும் கடைக்காரர் மாதிரி.

டைம்டு அவுட் வேறு ஜாதி. தட்டினால் திறக்காது, போ என்றும் சொல்லாது. அம்மணி காலையில் வந்து புரோகிராமைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் மறுபடியும் உறையும். அப்புறம் எத்தனை தடவை தட்டினாலும் டைம்டு அவுட். அன்புச்செல்வி திண்டிவனம் கடைக்கு ஓடிப்போய் புரோகிராமை நிறுத்தி, திரும்ப ஓடவிடுவாள். அதுவும் உடனே ஓடாது, "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று முரண்டு பிடிக்கும். முன்பு குடியிருந்தவர் இன்னும் முழுசாகக் காலிபண்ணவில்லை என்கிற மாதிரி. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் விட்டுக்கொடுக்கும். அன்றைக்கு முழுக்க நன்றாக ஓடும். மறுநாள் காலையில் பழைய கதை.

இது நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அவமானம் நேர்ந்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஓர் ஊருக்கும், திண்டிவனம் பக்கம் இன்னோர் ஊருக்கும், இருந்த ஒரே பெட்டியை இரண்டு கடையிலும் தனித்தனியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். காலையிலிருந்து கம்ப்யூட்டர் பேசாததால் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியவில்லை. சித்திரை வெயில். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து வீட்டில் வாழையிலையும் வேப்பிலையும் பரப்பிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார்கள். அலெக்ஸ் வெறும் கையோடு போய் நின்று, செத்தவரின் மகன்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் அம்மணியிடம், "இந்த மாசம் வரைக்கும் பாருங்கக்கா. அப்பறம் ஆர்த்தின்னு ஒரு பொண்ணு வருது, பி.சி.ஏ. படிச்சது. நீங்க ஊட்ல நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டான். சேர் எடுக்க வந்த ஆட்கள் எதிரிலேயே.

மாசம் இந்த வாரத்தோடு முடிகிறது.

துணி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்புச்செல்வி கடைக்குப் போனாள். அலெக்ஸ் சாமியானாக் கம்பிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"தப்பு புரோகிராம்ல இருக்குதாடா, அந்தக்காகிட்ட இருக்குதான்னு தெரியறதுக்குள்ள ஏன் அந்த வார்த்தைய உட்ட?"

"அக்கா, நீ படிச்சவ. நான் படிக்காதவன் கணக்கு சொல்றேன் கேளு. ஈஸ்டருக்கு அது பொண்ணு ஊட்டுக்குப் போச்சா? நான் போயி விழுப்புரத்துல உக்காந்தேனா? மொத நாள் நீ ஓடவிட்டுக் குடுத்த, அதுக்கப்பறம் ஒரு நாளு நின்னுதா உன் மெஷினு? அது திரும்பி வந்துச்சு. மறுநாளே பூட்டிக்கிச்சு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

 அவன் சொன்னது உண்மைதான். ஒரு நொடி, அம்மணியிடம்தான் தப்பு இருக்கட்டுமே என்று கூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கூசியது. இத்தனை வருஷம் கழித்து எழுதிய ஒன்று, அது தப்பில்லாமல் இருக்க வேண்டும் என்கிற ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு விலை இன்னொருத்தியின் நாற்காலி.

"இன்னிக்கு நான் விழுப்புரம் போயி உக்காந்து பாக்கறேன்" என்றாள். "அதுவரைக்கும் ஆர்த்தியும் வேணாம், கீர்த்தியும் வேணாம்."

"போ. பாத்துட்டு நீயே சொல்லுவ."

கிளம்புமுன் திண்டிவனத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்காக புரோகிராமின் ஒவ்வொரு படியிலும் ஒரு வரி அச்சிடும்படி எழுதியிருந்தாள். சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழைய உத்திதான். எங்கே வழி தவறுகிறது என்று தெரியவில்லையா, வழிநெடுக ஆள் நிறுத்திக் கேள். 'கதவு திறந்தாச்சு' என்று ஒரு வரி. 'ஆள் வந்தாச்சு' என்று ஒரு வரி. 'கேட்டுக்கினு இருக்கேன்' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியில் வந்து திரை நின்றிருந்தது. கீழே ஒன்றுமில்லை. மின்னுகிற சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. கதவும் திறந்திருக்கிறது, ஆளும் வந்தாயிற்று, உள்ளே இருப்பது காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் காலையில் வந்து தட்டுகிறவளுக்குத் திறக்கவில்லை? யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது?

வழக்கம்போல நிறுத்தி, காத்திருந்து, ஓடவிட்டாள். விழுப்புரத்துக்குப் போன் போட்டு "இப்ப தொறங்கக்கா" என்றாள். "தொறந்துக்கிச்சு மிஸ்" என்றது அம்மணியின் ஏறாத இறங்காத குரல்.

மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கூட்டம் இல்லை. தார்ச்சாலையின் மேல் வெயில் தண்ணீர் மாதிரி நெளிந்தது. வண்டி அதை நெருங்க நெருங்க அது தள்ளித்தள்ளிப் போனது. கடலை பிடுங்கி முடிந்த மல்லாட்டைக் கொல்லைகள் சிவப்பாகக் கிடந்தன. அவள் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி மூடினாள்.

அவள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். எதிர்த்திசையில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு. கையில் ஏதோ ஒரு வார்த்தை இருந்தது. பிடித்தால் பிடிபடாத, ஆனால் கீழே போட்டுவிடக் கூடாத வார்த்தை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் சவுரிராயன் துவைத்த சட்டையோடு நின்றான். "இன்னா செல்வி, நடந்தா போற? போ போ, நடக்கறவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று தடுப்பைத் தூக்கிவிட்டான். ஏரிகள் எல்லாம் நீலமாக நிரம்பியிருந்தன. நடந்தபடியே திண்டிவனம் வந்துவிட்டது. கடையின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு வெற்று நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "சொல்லுங்க, கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்கள். நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. "சொல்லுங்க" என்றார்கள் மறுபடியும். அன்புச்செல்வி வாசலில் நின்று பார்த்தாள். அங்கே ஆள் இல்லைங்க, அவங்க எழுந்து போயி ரொம்ப நேரமாச்சு, என்று சொல்ல வாயைத் திறந்தாள். கையிலிருந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை.

"புதுபஸ்டாண்டு எறங்கறவங்க எறங்கு" என்றார் கண்டக்டர்.

விழுப்புரம் கடையில் அம்மணி ஒரு பெட்டியின் கண்ணாடியைத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டூலைத் தள்ளி வைத்தாள்.

"வாங்க மிஸ். தம்பி அனுப்புனாரா? நான் இன்னா பண்றேன்னு பாக்கச் சொல்லி?"

"நானாத்தான் வந்தேங்கக்கா."

"பாருங்க, பாருங்க. பாத்தா தேஞ்சா போயிடுவேன்?" என்று சொல்லிவிட்டு அம்மணி துடைப்பதைத் தொடர்ந்தாள். சற்றுப் பொறுத்து, "சர்க்கார் ஆசுபத்திரி எதுக்க கேன்டீன்ல ஆள் கேக்கறாங்களாம். இட்லித் தட்டு கழுவற வேல. நின்னுக்கினே செய்யணும்" என்றாள். யாரிடமோ சொல்வதுபோல இருந்தது.

அன்புச்செல்வி சாயங்காலம்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நிழல் தரையில் மெதுவாக நகர்ந்து ஐஸ் பெட்டியின் மேல் ஏறியது. இரண்டு தடவை போன் வந்தது. அம்மணி ஒன்றை அமுக்கினாள், மூன்றை அமுக்கினாள், ஒரு தடவை தப்பாக இரண்டை அமுக்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். விரல் நுனியால், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டாள். அவ்வளவுதான். அவள் செய்ததில் எதுவும் தப்பில்லை.

வெயில் தாழ்ந்ததும் அம்மணி கடையை எடுத்து வைத்தாள். சேர்களை அடுக்கினாள். டெட்டால் பாட்டிலை மூடினாள். கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்று திரையைக் கீழ்வரைக்கும் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கையைப் பின்னால் எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சுவரிலிருந்த சுவிட்சை டக்கென்று அணைத்தாள். திரை இருண்டது. பர்ஸை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

"அக்கா, நில்லுங்க" என்றாள் அன்புச்செல்வி. "தினமும் இப்படித்தான் அணைக்கிறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"ஒம்போது அமுக்கி மூடலாம்ல? அப்பறம் சுவிட்சு?"

அம்மணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதுல இன்னா எழுதி வச்சிருக்கீங்க மிஸ்?"

அன்புச்செல்விக்குப் பார்க்காமலே தெரியும். அவளே எழுதியது. சென்டரில் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் குரல்கள் நின்றுபோனதுதான் சென்டர் மூடியதில் அவளுக்குப் பெரிய நஷ்டம். அதனால்தான் கடைசி வரியில், வெளியேறு என்றோ முடி என்றோ போடாமல், ஆசையாக அப்படிப் போட்டிருந்தாள். ஒன்பது: போயிட்டு வர்றேன்.

"சாவு ஊட்டு மெஷினு இது" என்றாள் அம்மணி. "நாளெல்லாம் பொணத்துக்குப் பெட்டி சொல்ற மெஷினு. எவளாச்சும் சாவு ஊட்ல இருந்து கெளம்பசொல்ல போயிட்டு வர்றேன்னு சொல்லுவாளா? அப்படிச் சொன்னா மறுக்கா அந்த ஊட்டுக்கு வரவேண்டியதாப் பூடாது? பேசாம எழுந்துக்கினு போறதுதான மொற. நானும் அதத்தான் செய்றேன்."

அன்புச்செல்வி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் விடைபெறக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? எத்தனை சாவுக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவியிருக்கிறாள். ஆனால் எழுதும்போது அவள் மனம் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தது, ஐஸ் பெட்டிக் கடையில் இல்லை.

மெதுவாக எல்லாம் விளங்கியது. ஒன்பதை அமுக்கினால் விழுப்புரம் புரோகிராம், நான் கிளம்புகிறேன் என்று திண்டிவனத்துக்குச் சொல்லிவிட்டு மூடும். அது சொன்னால்தான் திண்டிவனம் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கதவைத் திறக்கும். சுவிட்சை அணைத்தால் சொல்வதற்கு யாரும் இல்லை. இங்கே அம்மணி எழுந்து போய்விட்டாள். அங்கே அது தெரியாமல், இல்லாத ஆளுக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காலையில் அம்மணியே புதிதாகப் போய்த் தட்டினாலும், இரு, உள்ளே ஆள் இருக்கிறார் என்று வரிசையில் நிற்க வைக்கிறது. வரிசை நிரம்பியதும் வாயே திறப்பதில்லை. ஈஸ்டருக்கு அலெக்ஸ் வந்து உட்கார்ந்தபோது ஏன் நிற்கவில்லை? அவனுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கிற பழக்கமே கிடையாது. பேச்சு முடியவே இல்லை. அவ்வளவுதான்.

சொல்லிவிட்டுத்தான் போவார்கள் என்று நம்பி எழுதியிருந்தாள். சொல்லாமல் போகிறவர்களுக்கு அவள் புரோகிராமில் இடமே வைக்கவில்லை.

"இத ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? கோளாறு பண்ணியான்னு கேட்டாரு தம்பி. இல்லன்னேன். சாயங்காலம் கடைய மூடிக்கினு போவசொல்ல இன்னா பண்றேன்னு ஒருத்தரும் கேக்கலியே."

மறுநாள் காலையில் அன்புச்செல்வி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சவுரிராயன் ஷிப்ட் முடிந்து வந்து, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, தானே ரவையை வறுத்தான்.

"இன்னா, தப்பு கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு. நான்தான்."

"அத நான் கல்யாணம் ஆன அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டேனே" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் உப்புமாவைத் தட்டில் போட்டுக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவள் ஒன்பதாவது வரியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு வார்த்தை எதுவும் வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் சற்று நேரம் சத்தமில்லாமல் இருந்தால், இருக்கீங்களா என்று திண்டிவனம் தானாகவே கேட்டுப் பார்க்கும்படி எழுதினாள். சில தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கதவை அடுத்தவருக்குத் திறக்கும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்தாலும் வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிடும்படி செய்தாள். பழைய ஆள் காலிபண்ணவில்லை என்கிற முரண்டுக்கும் ஒரு வரி சேர்த்தாள். எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். அவள் சென்டரில் அந்தப் பாடத்தை எப்போதும் கடைசிக்குத் தள்ளிவைத்து, நேரமில்லை என்று விட்டுவிடுவாள்.

திண்டிவனம் கடையில் புதியதை ஓடவிட்டுவிட்டு, உச்சிவேளைக்கு முன் அலெக்ஸின் வண்டியிலேயே விழுப்புரம் போனார்கள். பின்னால் ஐஸ் பெட்டி லொடலொடத்தது. வழியில் விஷயத்தைச் சொன்னாள். விக்கிரவாண்டி தாண்டியதும் அவன் கியரை மாற்றினான்.

"அப்ப அந்தக்கா தப்பு பண்ணல" என்றான்.

"இல்ல."

"உன் தப்பு."

"ஆமாடா. எத்தினி வாட்டி சொல்றது?"

"நல்லா எழுதுன போ. ஐஸ் பெட்டிக் கடையில குந்திக்கினு போயிட்டு வர்றேனாம்." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். "சேர் தூக்கற பசங்க எதுர்ல சொல்லிட்டேன்க்கா" என்றான்.

"தெரியும். இப்ப போயி அதே மாதிரி நாலு பேரு எதுர்ல சொல்லு."

"நாலு பேரு எங்க இருப்பாங்க இந்நேரத்துக்கு?"

கடையில் அம்மணி மட்டும்தான் இருந்தாள். புதிய புரோகிராமைப் போட்டு முடித்ததும் அன்புச்செல்வி, "அக்கா, நீங்க எப்பவும் அணைக்கிற மாதிரியே அணைங்க" என்றாள். அம்மணி அலெக்ஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். டக். திரை இருண்டது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. வெளியே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அன்புச்செல்விக்கு அந்த நேரத்தில் திண்டிவனத்துக் கடை கண்ணில் தெரிந்தது. இருக்கீங்களா, என்று ஒரு குரல். பதிலில்லை. இருக்கீங்களா. பிறகு, சரி, என்று நாற்காலியை ஒழுங்குபண்ணி வைக்கிற கை.

சுவிட்சைப் போடச் சொன்னாள். கம்ப்யூட்டர் எழுந்து வர நேரமெடுத்தது. அம்மணி புரோகிராமைத் திறந்தாள். தட்டின மாத்திரத்தில் கதவு திறந்தது. மூன்றை அமுக்கினாள். திண்டிவனத்துப் பெட்டிகளும் விழுப்புரத்துப் பெட்டிகளும், புள்ளிகள் தள்ளி விழுந்த எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"இன்னொரு வாட்டி" என்றான் அலெக்ஸ். மறுபடி அணைத்து, மறுபடி போட்டார்கள். மறுபடி திறந்தது.

அலெக்ஸ் தொண்டையைச் செருமினான். "அம்மணியக்கா. உங்க மேல ஒண்ணுமில்ல. அக்கா எழுதுனதுலதான் கோளாறு. நான் அவசரப்பட்டுட்டேன். அந்த ஆர்த்திப் பொண்ண வேணாம்னு சொல்லிடறேன். நீங்களே இருங்க."

அம்மணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழே ஒன்பது இருந்த இடம் காலியாக இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அத எடுத்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னாள். 

அலெக்ஸ் அக்காவைப் பார்த்தான். நீ கேள் என்பதுபோல.

"அக்கா" என்றாள் அன்புச்செல்வி. கிட்டே போய், முழங்கையைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் நின்றாள். "அந்தக் கேன்டீனுக்கு ஒண்ணும் ஒத்துக்கலயே? இங்கயே இருப்பீங்கல்ல?"

அம்மணி நாற்காலியின் கையைப் பிடித்து, முழங்காலைத் தாங்கி எழுந்தாள். வண்டியில் வந்த பெட்டியை இன்னும் இறக்கவில்லை, அதன் கண்ணாடியில் வழிப்புழுதி படிந்திருப்பது உள்ளேயிருந்தே தெரிந்தது. துடைக்கிற துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். டெட்டால் பாட்டிலை எடுத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவே வழி விட்டிருந்த இடத்தில் நடந்து, வெயிலில் நின்ற வண்டியை நோக்கிப் போனாள்.